வாக்களித்தல் சைவர்க்குக் கடனாமா?

தேர்தல் அணுகுங் காலந்தோறும் நம் சைவ நன்மக்களுட் சிலரிடத்து ஒரு வார்த்தையைக் கேட்கின்றோம். "நாம் சிவபூசையும் திருமுறைப் பாராயணமும் உடையோம். வாக்குப் போடும் இந்த ஆரவாரம் நமக்கெதற்கு? யார் ஆண்டாலென்ன? பற்றற்றிருத்தலன்றோ சைவம்?" என்பதே அவ்வார்த்தை. முதன்முதல் வாக்குரிமை பெறும் இளைஞரோ, "எம்முடைய ஒரு வாக்கினால் ஆவதென்ன? இதுகாறும் எவர் வந்து எமக்கு என் செய்தனர்?" என்பர். முன்னவர் கூற்றுப் பக்தி வேடம் பூண்டு வருகின்றது. பின்னவர் கூற்று மனச்சலிப்பினின்றும் வருகின்றது. இரண்டும் போய்ச் சேருமிடம் ஒன்றே. வாக்களிக்கும் நாளில் இருசாராரும் வீட்டுத் திண்ணையிலே இருக்கின்றனர்.

இக்கூற்றுக்கள் சைவநெறிக்கு ஒக்குமா என்பதை ஈண்டு ஆராய்வோம். உபாத்தியாயர்களாகிய உங்களை முன்னிட்டே இதனை எழுதுகின்றோம். என்னெனில், வாக்குச்சாவடி பெரும்பாலும் அமைவது வித்தியாசாலைக் கட்டிடத்திலே; அங்கே கடமை பார்ப்போரிற் பலர் உபாத்தியாயர்களே; நாளை அங்கே வரிசையில் நிற்கப்போகின்றவர்கள் இன்று உங்கள் முன்னே வாங்கில் இருக்கும் பிள்ளைகளே.

முதலாவது, பற்றின்மையாவது யாதெனப் பார்ப்போம். அது செயலின்மையன்று, செய்யுஞ் செயலின் பயனைத் தனக்கென்று பற்றாமையே அது. திருநாவுக்கரசு சுவாமிகளினும் பற்றற்றார் யாவருளர்? அவரோ கையில் உழவாரப்படை தாங்கித் திருக்கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கினார். செதுக்கிய புல் அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும் என்பதை அப்பெரியார் அறியாதவரல்லர். முளைக்குமென்று கைவிட்டிருப்பாராயின் சரியைத் தொண்டுக்கு அவர் இலக்கியமாதல் எங்ஙனம்? முற்றத் துறந்தாரைக் குறித்து நாம் ஒன்றுஞ் சொல்கின்றிலோம். ஆனால் இல்லத்திலே இருந்துகொண்டு, அரசினர் தரும் பசளை மானியத்தையும், வீதியையும், ஆசுபத்திரியையும், மாதச் சம்பளத்தையும் ஏற்றுக்கொண்டு, வாக்கு ஒன்றை மாத்திரந் துறப்பது எத்துறவாகும்? அது சோம்பலுக்கு இட்ட திருநீறென்றே சொல்லல் வேண்டும்.

வன்னி நாட்டார்க்கு இதனை விளக்கப் பிறதேசத்து உதாரணம் வேண்டுவதின்று. செட்டிகுளம் பெயரிலேயே குளத்தை உடைய ஊர். நம் குளங்களின் கீழ்க் காலபோகமும் சிறுபோகமும் தொடங்குமுன் கமக்காரர் பயிர்ச்செய்கைக் கூட்டங் கூடுவர். விதைக்கும் நாள் எது, துருசு திறக்கும் நாள் எது, இருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பன அங்கே தீர்மானிக்கப்படும். கூட்டத்துக்கு வாராத கமக்காரனுடைய வயலையும் அத்தீர்மானமே ஆளும். "நான் போகவில்லை, ஆதலால் அது என்னைச் சாராது" என்று அவன் குளக்கட்டில் நின்று சொல்லல் ஆகுமா? ஆகாது. வாக்களியாதவன் நிலையும் அதுவே. அவன் தீர்மானத்தினின்றும் விலகியவனல்லன். தன் தீர்மானத்தையும் பிறர் கையிற் கொடுத்தவன்.

இனி, ஊர்க்காரியங்களில் தலையிடுதல் சைவப் பெரியோர்க்கு அழகன்றென்பாருக்கு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களே விடை. 1848-ம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த அப்பெருமான், பஞ்சகாலத்திலே கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு அன்னமிட்டார். அதிகாரிகளின் பாராமுகத்தைக் கண்டித்தும் எழுதினார். சேர் முத்துக்குமாரசுவாமி 1879-ம் ஆண்டிலே இறந்தபொழுது, சட்டநிரூபண சபையிலே தமிழர்க்கு ஒரு பிரதிநிதி வேண்டியதாயிற்று. நியமிப்பவர் தேசாதிபதி, குடிகளுக்கு அந்நாளில் வாக்கென்பது இல்லை. ஆயினும் நாவலரவர்கள் வாளாவிருந்திலர். யாழ்ப்பாணத்திலே கூட்டங் கூட்டிப் பொன்னம்பலம் இராமநாதனே தக்கவரென ஜனங்களின் கருத்தைத் தேசாதிபதிக்குத் தெரிவிக்க முன்னின்றார். அவ்வாண்டின் இறுதியிலே சிவபதமடைந்தார். வாழ்நாளின் அந்தியில், வாக்கில்லாத காலத்தில், குடிகளின் விருப்பத்தைச் சபைக்கு எட்டுவிக்க அவர் உழைத்தார். வாக்குள்ள காலத்தில் வாழும் நாம் அவர் குருபூசையைச் செய்து விட்டு, வாக்களிக்கும் நாளில் உறங்குவோமாயின் அது முறையாகுமா?

1911-ம் ஆண்டிலே படித்த இலங்கையர்க்கென ஓர் ஆசனம் உண்டாயிற்று. அதற்கு வாக்களிக்க உரிமை பெற்றார் இலங்கை முழுவதிலும் ஏறக்குறைய 3000 பேரே. அவ்வாசனத்துக்குத் தெரிவாயினவரும் இராமநாதனவர்களே. பின்பு டொனமூர் ஆணைக்குழுவார், ஆடவர்க்கு 21 வயதிலும் பெண்டிர்க்கு 30 வயதிலும் வாக்குரிமை வழங்குக என்றனர். முடிவில் இருபாலார்க்கும் 21 வயதென வரையறுக்கப்பட்டு, 1931-ம் ஆண்டிலே அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. எல்லார்க்கும் வாக்கு என்பதை எதிர்த்தவருள் இராமநாதனவர்களும் ஒருவர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதின்று. கல்லாதார் கையிற் சென்ற அதிகாரம் கலகத்துக்கே ஏதுவாகும் என்று அக்காலத்துப் பெரியோர் பலர் அஞ்சினர். அவர் சைவத்துக்குச் செய்த தொண்டினை நாம் போற்றுகின்றோம்; இவ்விஷயத்திலே அவரோடு நாம் உடன்படுகின்றிலோம். சிவபெருமான் திருமுன்னே திருநாளைப்போவாரும் சேரமான் பெருமாளும் ஒருநிரையிலே வைத்து வணங்கப்படுகின்றனர். அடியார் வரிசையில் இல்லாத ஏற்றத்தாழ்வை வாக்காளர் வரிசையிலே வைப்பது சைவமாகாது. பெரியோர் அஞ்சிய அறியாமைக்கு மருந்து, உரிமையைப் பறித்தலன்று, அறிவைக் கொடுத்தலேயாம். அம்மருந்து கொடுக்கும் வைத்தியர் நீங்களே.

வாக்களியாமையைத் தம் எதிர்ப்பின் அடையாளமாகக் கொண்டாரும் உளர். அவர் கூற்றை எளிதிற் தள்ளுதல் கூடாது. 1931-ம் ஆண்டிலே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார், பூரண சுயராச்சியந் தராத அரசியற் றிட்டம் வேண்டாமெனத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் எவரும் போட்டியிட்டிலர். வடமாகாணத்திலே மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி மாத்திரமே தன் பிரதிநிதியை அனுப்பிற்று. அவ்விளைஞரின் நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் 1934-ம் ஆண்டிலே உபதேர்தல் நடக்குங்காறும் அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. சபையோ அவற்றுக்காகக் காத்திருந்திலது; தன் காரியங்களைச் செய்துகொண்டே சென்றது.

2005-ம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிலோ பகிஷ்காரம் ஜனங்களின் மனத்தினின்றும் மாத்திரம் பிறந்ததன்று. ஆயுதத்தின் நிழலும் அதன்மேல் இருந்தது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலே பதிவுபெற்ற ஏறக்குறைய 7 இலட்சம் வாக்காளருள் வாக்களித்தோர் 9000 பேரும் இல்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்திலே நூற்றுக்கு 34 பேரளவினரே வாக்களித்தனர். அத்தேர்தலிலே வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் இடையிலிருந்த வித்தியாசம் 1,80,786 வாக்கு. எவர் வென்றிருத்தல் வேண்டும் என்பது நமது பேச்சன்று. "எம்முடைய வாக்கினால் ஆவதென்ன?" என்னும் இளைஞர் இவ்விலக்கங்களை ஒருமுறை எழுதிப் பார்ப்பாராக. ஒருவன் தன் மனச்சாட்சியோடு எண்ணித் துணிந்து வாக்களியாதிருத்தல் ஒன்று. பிறர் தடுக்க நிற்றல் மற்றொன்று. எண்ணாமலே திண்ணையில் இருத்தல் வேறொன்று. முதலாவதற்குக் கணக்குச் சொல்ல அவன் கடமைப்பட்டவன். இரண்டாவதற்குத் தடுத்தவரே கணக்குச் சொல்லல் வேண்டும். மூன்றாவதற்கு யாருங் கணக்குச் சொல்வதில்லை. அதனாலேதான் அது கொடிது.

வாக்கின் அருமையை அறிய வேண்டுவோர், அதனை இழந்தாரைக் கேட்பாராக. 1947-ம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தமிழர் தம் காங்கிரஸின் சார்பிலே 6 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948, 1949-ம் ஆண்டுச் சட்டங்களாற் பிரசாவுரிமையும் வாக்கும் போயின. 1952-ம் ஆண்டிலே ஒருவரும் இலர். எஞ்சியிருந்தோர் குறை தீர்க்கும் சட்டம் 2003-ம் ஆண்டிலேதான் வந்தது. 1977-ம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலைநாட்டினின்றும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் வந்து குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்புக்களிலே உளர். தம் பாட்டன்மார்க்கு இல்லாதிருந்த ஒன்று தமக்கு உண்டென்பதை அப்பிள்ளைகள் அறிவார்களா?

வேறொன்றும் நினைக்கத்தக்கது. 2009-ம் ஆண்டிலே இச்செட்டிகுளத்து மண்ணிலே, மெனிக் பாம் முகாமில், யுத்தத்தினின்றும் உயிர்தப்பிய இலட்சக்கணக்கானோர் முள்வேலிக்குள் இருத்தப்பட்டனர். 2012-ம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் அம்முகாம் மூடப்பட்டது. தாம் எங்கே உறங்குவது, எப்பொழுது ஊர் மீள்வது என்பதைத் தாமே தீர்மானிக்க மாட்டாதிருந்த ஜனங்கள் அவர்கள். 2009-ம் ஆண்டிலே அவர்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு 2027-ம் ஆண்டிலே 18 வயது நிரம்புகின்றது. வேலிக்குள்ளே பிறந்த பிள்ளை, தன்னை ஆள்வோரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரத்தோடு வாக்குச்சாவடிக்குள் நுழைவது சிறுகாரியமா? அப்பிள்ளை நுழையாதிருப்பின் அக்குற்றம் அப்பிள்ளையினது மாத்திரமா?

யாரைத் தெரிவது என்னும் வினாவுக்குப் பெரியபுராணத்து மூர்த்திநாயனார் சரித்திரம் நமக்கு நல்வழி காட்டுகின்றது. மதுரையிலே அரசன் சந்ததியின்றி இறந்தான். அமைச்சர் யானையின் கண்ணைத் துணியாற் கட்டி வீதியில் விட்டனர். அது நாயனாரைத் தன் பிடரியில் ஏற்றிக்கொண்டது. நாயனார் அரசை உடனே ஏற்றாரல்லர். திருநீறே அபிஷேகமும், உருத்திராக்கமே ஆபரணமும், சடையே முடியும் ஆகுக என நிபந்தனை கூறியே ஏற்றார். அன்று யானை தவறாது தெரிந்தது சிவபெருமான் திருவருளால். இன்று அந்த யானையின் இடத்திலே நிற்பவர் நாம். நம் கண்ணையோ பிறர் கட்ட வேண்டுவதில்லை. சாதி, உறவு, சாராயப் போத்தல், கூரைத்தகரம் என்னுந் துணிகளால் நாமே கட்டிக்கொள்கின்றோம். திருவருள் நமக்குத் தந்த கண்ணைக் கட்டிக்கொண்டு, பின் "நல்லவர் வந்திலர்" என்று திருவருளை நோதல் தகுமா?

உத்தரமேரூர்க் கல்வெட்டும் ஒன்று சொல்கின்றது. முதற் பராந்தக சோழன் காலத்திலே, குடவோலை முறையால் ஊர்வாரியங்களுக்கு ஆளெடுத்தபொழுது, முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். அம்முறை ஊரார் அனைவர்க்கும் உரியதாயிருந்திலது. அவ்வளவில் நமது முறையே மேலானது. ஆயினும் அவ்வொரு விதியை நம்முள்ளே வைத்துக்கொள்வோம். சென்றமுறை அனுப்பியவர் கணக்குக் காட்டினாரா என்பதே வாக்காளன் கேட்கவேண்டிய முதல் வினா.

இனி உங்கள் கடமை. வகுப்பிலே ஒரு கட்சியின் பெயரையோ அபேட்சகரின் பெயரையோ சொல்லற்க. சொன்னால் உபாத்தியாயர் என்னும் நிலையினின்றும் வழுவினவராவீர். கோயில் மண்டபத்தையும் பிரசார மேடையாக்க இடங்கொடற்க. 18 வயது நிரம்பும் பிள்ளையின் பெயர் இடாப்பிலே ஏறியதா என்று கிராம அலுவலரிடம் விசாரிக்கச் செய்க. வாக்கு இரகசியமானது, எவருக்குஞ் சொல்லவேண்டுவதில்லை, கைநீட்டிப் பணம் வாங்கியவனுக்கும் அதனை அறிய வழியில்லை என்பதைத் தெளிவிக்க. வாக்குச்சீட்டை அடையாளமிடும் முறையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுக. சனாதிபதித் தேர்தலிலே 1, 2, 3 என விருப்புவரிசை இடலாம். பாராளுமன்றத் தேர்தலிலே கட்சிக்கு நேரே புள்ளடியிட்டபின் மூவருக்கு மேற்படாமல் விருப்பிலக்கங் குறிக்கலாம். உள்ளூராட்சித் தேர்தலிலே ஒரு புள்ளடியே போதும். இது சிறுவிஷயமென்று எண்ணற்க. 2024-ம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலிலே நிராகரிக்கப்பட்ட வாக்குக்கள் 6,67,240. அவற்றுள் அறியாமையாற் பழுதானவை எத்தனையோ, அத்தனையும் வரிசையிற் கால்கடுக்க நின்றும் வீண்போன உழைப்பாகும்.

மாணவர் பாராளுமன்றத் தெரிவை இரகசிய வாக்கினாலேயே நடத்துக. பிள்ளை எழுதிய சீட்டைத் திறந்து, எழுத்தடையாளம் பார்த்து இன்னான் எழுதினான் என்று சிரியாதிருக்க. தேர்தற் கடமைக்குச் செல்லும் நீங்களும் தபால்மூல வாக்குக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க மறவற்க. தான் வாக்களியாத உபாத்தியாயர் சொல்லும் பாடம் பிள்ளையின் மனத்திலே ஏறாது.

வாக்களித்தலால் மாத்திரம் நாடு திருந்திவிடும் என்று நாம் சொல்கின்றிலோம். உழவாரப்படையாற் புல்லைச் செதுக்கினவுடனே கோயில் கும்பாபிஷேகம் ஆகிவிடுவதில்லை. ஆயினும் வீதி துப்புரவாயிருந்தாற்றான் சுவாமி எழுந்தருளும் தேர் ஓடும். அன்பர்களே, விடியற்காலையிலே நீராடித் திருநீறு தரித்துச் சிவபெருமானை வணங்கியபின், உங்கள் வீட்டிலுள்ள முதியோரையும் புதிதாய் வாக்குரிமை பெற்ற இளைஞரையும் உடனழைத்து வாக்குச்சாவடிக்குச் செல்லுங்கள். அந்நாளின் சரியை அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.