ஏழைக்குக் கலை வேட்கை தகுமா?

கல்வியின்பொருட்டுக் கடல் கடப்பவனை நம் சமூகம் மாலையிட்டு வழியனுப்புகிறது. நிலத்தை அடகு வைத்து மகனைப் பொறியியல் படிக்க அயல்நாட்டிற்கு அனுப்பும் தந்தையைத் தியாகி என்கிறோம். அதே தந்தையின் மகன், மற்போர் பயில அயல்நாடு செல்ல விரும்புகிறேன் என்று வாய் திறக்கட்டும். பொறுப்பற்றவன் என்று தூற்றப் பத்துப் பேர் முந்துவர். இரண்டிடத்தும் செலவாவது ஒரே பணம்தான். முன்னது வட்டியோடு திரும்பி வரும், பின்னது வராது என்பதே நம் உள்ளத்தில் ஓடும் கணக்கு. இக்கணக்கு முற்றிலும் பிழையானது என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் இது அறக்கணக்கா, வெறும் வட்டிக்கணக்கா என ஒருமுறை ஆராய்வது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். ஆரணிப் பட்டு எனப் பெயர் பெற்ற சேலைகள் நெய்யப்படும் ஊர்களுள் தேவிகாபுரம் ஒன்று. அங்கு நெசவாளர் வீட்டு இளைஞன் ஒருவன் பிரேசில் ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலையில் நாட்டம் கொள்கிறான் என்போம். நெசவாளனுக்கும் மற்போருக்கும் என்ன தொடர்பு என்று நகைப்பவர்கள் வரலாற்றை மறந்தவர்கள். சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளர் படைகள் பேசப்படுகின்றன. தறியும் வாளும் ஒரே குலத்தார் கையில் இருந்த காலம் உண்டு.

அந்தக் கலையின் வரலாறே பயணத்தின் வரலாறுதான். 1882-இல் டோக்கியோ நகரின் ஒரு பௌத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில், ஒன்பது மாணவரோடு ஜிகோரோ கானோ என்பவர் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜியு-ஜிட்சு முறைகளில் உயிருக்கு ஊறு செய்யும் பிடிகளை ஒதுக்கி, இருவரும் முழு வலிமையோடு பயிலத்தக்கதாய் அதனைச் சீர்செய்தார். அப்பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1904-இல் தாயகம் நீங்கி, பல நாடுகளில் பணத்துக்கு மற்போர் புரிந்தே வழிச்செலவைத் தேடிக்கொண்டு, 1914-இல் பிரேசில் சேர்ந்தார். அமேசான் கழிமுகத்தை ஒட்டிய பெலேம் நகரில் கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞருக்கு அவர் கற்பித்த வித்தையே கிரேசி குடும்பத்தார் கையில் தரையில் கிடந்து பொருதும் தனிக் கலையாக வளர்ந்தது. 1941-இல் பெலேமிலேயே மயேடா மறைந்தார்.

இன்று சென்னையிலும் பெங்களூரிலும் இக்கலையைக் கற்பிக்கும் கூடங்கள் உள்ளன. கைப்பேசியில் ஒளிக்காட்சிகளுக்கும் குறைவில்லை. பின் ஏன் கடல் கடக்க வேண்டும்? தறிக்குழியில் கால் வைத்தவன் இதனை எளிதில் உணர்வான். மிதியை எத்தனை அழுத்தத்தில் மிதிப்பது, ஊடையை எவ்வளவு இறுக்கத்தில் அச்சால் அடிப்பது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மூத்தவரின் கையிலிருந்து இளையவர் கைக்கு அது தானே இறங்குகிறது. மற்போரும் அத்தகையதே. தன்னைவிடத் தேர்ந்த பலருடைய உடலெடையை நாள்தோறும் தன்மேல் தாங்கியவனுக்கே அது படியும். கறுப்புக் கச்சை பெற ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும். தேர்ந்தவர்கள் மிகுந்திருக்கும் இடத்துக்குச் செல்ல அவன் விழைவதில் வியப்பில்லை.

கழுத்தை நெரிக்கவும் மூட்டை முறுக்கவும் கற்பது கிறிஸ்தவனுக்கு அடுக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து பார்ப்பது நன்று. பிடியில் சிக்கியவன் எதிராளியின் உடலையோ தரையையோ கையால் இருமுறை தட்டுகிறான். அந்நொடியே பிடி விடப்படுகிறது. தன் கழுத்தைப் பிறன் கையில் நம்பிக் கொடுப்பதும், பிறன் கழுத்து தன் கையில் இருக்கையில் அந்த மெல்லிய தட்டுக்குக் காத்திருப்பதும் பகைமைக்குரிய பழக்கங்கள் அல்ல. யாப்போக்கு ஆற்றங்கரையில் யாக்கோபு விடியும்வரை மற்போரிட்டது யாரோடு என்பதைத் தொடக்க நூல் வாசித்தவர் அறிவர். அன்று அவர் ஆசியும் பெற்றார், நொண்டியும் நடந்தார். விளையாட்டைப் பற்றித் தனியே ஆராய்ந்த தூய தோமா அக்குவினா, உடலுக்கு ஓய்வுபோல உள்ளத்துக்கு விளையாட்டு வேண்டுமென்றும், அதில் அளவறிந்து நிற்பது ஒரு நற்பண்பு என்றும் கொண்டார். ஆகவே கலை குற்றமற்றது. சிக்கல் பணத்தில் இருக்கிறது.

விமானச் சீட்டு, விசா, திரும்பி வருகையில் காட்ட வேண்டிய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, பயிற்சிக் கட்டணம், அன்றாட உணவு என அந்தப் பட்டியல் நீளும். பயிற்சிக் கூடத்துப் பாயிலேயே இரவில் படுத்து, தரையைத் துடைத்துக் கட்டணத்தைக் கழிக்கும் ஏழை மாணவர்கள் பிரேசிலிலும் உண்டு. எவ்வளவு சுருக்கினாலும், நெய்யாத நாளுக்குக் கூலியில்லாத ஒரு வீட்டுக்கு அது மலையளவுத் தொகைதான்.

சிக்கனத்தில் அயல்நாட்டுக் கல்வி கற்றவர்களுள் தலையாயவர் என நான் கருதுவது தூய இஞ்ஞாசியாரை. முப்பத்து மூன்று வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் படித்தவர், 1528-இல் பாரிசு நகரை அடைந்தார். கையிலிருந்த பணத்தைச் சக ஸ்பானியர் ஒருவரிடம் பாதுகாப்பாகக் கொடுத்து வைக்க, அவர் அதைச் செலவழித்துவிட்டார். இஞ்ஞாசியார் தூய யாக்கோபு பெயரிலான ஓர் ஏழையர் விடுதியில் ஒதுங்கினார். அவ்விடுதியோ கல்லூரிக்குத் தொலைவில் இருந்தது. பொழுது புலர்ந்த பின்னரே கதவு திறக்கும், மாலைச் செப மணிக்குள் திரும்பிவிட வேண்டும். பாடங்கள் அதற்கு முன்பே தொடங்கின. பிச்சை எடுப்பதில் பகலும் கழிந்தது. ஓர் ஆசிரியரிடம் ஏவலராய் இருந்து படிக்கலாமென்று முயன்றார். எங்கும் இடம் கிடைக்கவில்லை. இறுதியில் ஒரு துறவி வழி சொன்னார்: ஆண்டுதோறும் இரு மாதங்கள் பிளாண்டர்ஸ் சென்று, அங்குள்ள ஸ்பானிய வணிகரிடம் ஆண்டு முழுமைக்கும் வேண்டியதைப் பெற்று வந்தால் எஞ்சிய மாதங்களில் படிக்கலாம். அவரும் அவ்வாறே சென்றார். ஒருமுறை இலண்டன்வரைகூடப் போய் வந்தார். புனிதர்கள் கணக்கறியாதவர்கள் என்று நினைப்போர்க்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

அவருடைய பணத்தைச் செலவழித்த அந்த மனிதர் பின்னர் ரூவான் நகரில் நோயுற்றுக் கிடந்தார். இஞ்ஞாசியார் உண்ணாமலும் செருப்பணியாமலும் அவரிடம் நடந்து சென்று, ஆறுதல் கூறி, ஸ்பெயினுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்.

பிளாண்டர்ஸ் வணிகருக்கும் தேவிகாபுரத்துத் தாய்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கருத வேண்டும். வணிகர் 'இல்லை' என்று சொல்ல முடிந்தவர். சொல்லியிருந்தால் இஞ்ஞாசியார் அடுத்த வாயிலுக்குச் சென்றிருப்பார். தாயால் அது இயலாது. மகன் வாய் திறக்குமுன்பே அவள் கை காதுத் தோட்டைக் கழற்றிவிடும். மறுக்க முடியாதவரிடம் கேட்பது வேண்டுதலாகுமா? அது வரி தண்டுவதற்கு நெருக்கமானது என்றே எனக்குப் படுகிறது. 'அவர்களாகத்தானே கொடுத்தார்கள்' என்று நம்மில் பலர் பெற்றோரைப் பற்றிச் சொல்வதுண்டு. அச்சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டறை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் நெசவாளனை எத்தனை ஆண்டுகள் கட்டிப்போடும் என்பதை அறிந்தவன், அதே கட்டைத் தன் வீட்டார்மேல் இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் பறப்பது எளிதான செயலாயிராது.

இதற்கு மாற்றாகத் திருத்தூதர் பவுலைக் காட்டுவர். கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா இல்லத்தில் தங்கி, கூடாரம் செய்யும் தம் தொழிலைச் செய்து, யாருக்கும் சுமையாகாமல் அவர் பணியாற்றினார். உயர்ந்த வழிதான். ஆனால் கூடாரத் தொழிலுக்கு வேண்டிய கருவிகள் ஒரு பைக்குள் அடங்கும். குழித்தறி அடங்குமா? மேலும், சுற்றுலா விசாவில் செல்பவன் கூலிக்கு வேலை செய்யச் சட்டம் இடம் தராது. பவுலின் வழி அவனுக்குப் புறப்படுமுன்பே உரியது: இரண்டு மூன்று ஆண்டுகள் தன் கூலியில் ஒரு பங்கை ஒதுக்குவது, சென்னைக் கூடம் ஒன்றில் துப்புரவுப் பணி செய்தேனும் அடிப்படையைக் கற்பது, அயல்நாட்டு ஆசானிடம் கடிதவழி இடம் கேட்பது, மறுத்தால் வேறிடம் கேட்பது. இவ்வாறு காத்திருக்கத் துணியும் வேட்கையை ஆடம்பரம் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழை உண்பதற்கு மட்டுமே உழைக்க வேண்டும், அழகும் திறனும் வயிறு நிறைந்தவர்க்கு உரியவை என்னும் கருத்து ஏழையின்மீதுள்ள பரிவால் பிறந்ததன்று. தன் வாழ்நாளில் ஒருமுறையும் உடுத்த முடியாத சேலையில் மயிலையும் அன்னத்தையும் குறையின்றி நெய்பவனிடமா அழகு தேவையற்றது என்று சொல்வது?

இத்தனையும் சொன்ன பின்பும் ஒருவரைப் பற்றிப் பேசாமலே வந்துவிட்டோம். சேலை நெசவு ஒருவர் வேலையன்று. தார் சுற்ற ஒரு கை வேண்டும். கோர்வைக் கரையாயின் பக்கத்தில் அமர்ந்து நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். மகன் எழுந்து சென்றால் அவ்விடத்தில் அமர்வது பெரும்பாலும் வீட்டிலுள்ள தங்கைதான். தாயிடம் விடைபெறுவதும் தந்தையின் காலைத் தொட்டு வணங்குவதும் மரபாக நடந்துவிடுகின்றன. அவளைக் கேட்பவர் எவருமில்லை. கேட்டால் அவளும் 'சரி அண்ணா' என்றே சொல்வாள். அவன் பெலேமிலோ ரியோவிலோ இருக்கும் ஓராண்டில் தறியில் உட்காரக் கூலிக்கு ஓர் ஆளை அமர்த்த எவ்வளவு ஆகும், அதை எங்கிருந்து கொடுப்பது, அவளுடைய பத்தாம் வகுப்புத் தேர்வு எந்த மாதம் என்பதையெல்லாம் விமானச் சீட்டு வாங்குமுன் அவன் ஒரு தாளில் எழுதி, முதலில் அவளிடம் காட்ட வேண்டும்.