தக்கனின் தலையும் என் தாடையும்

பசுவின் எலும்பை ஒரு சைவக்காரி தன் தாடைக்குள் வைக்கலாமா? நாவலருடைய சைவ வினாவிடையில் இதற்கு விடை இல்லை. எழுபதை எட்டும் வயதில் நானே தேட வேண்டி வந்தது.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. கோப்பாய் – கைதடிப் பாதையின் நெரிசலில் யாரோ உருட்டி வந்த சைக்கிளின் கைபிடி முகத்தில் அடித்து என் முன்பற்கள் போயின. அன்று அதை யாரும் இழப்பாக எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. பிறகு கழற்றிப் பூட்டும் பல்செற். பல் இல்லாத இடத்தில் எலும்பு கரையும். செற் ஆடத் தொடங்கியது, அதைத் தாங்கிய பக்கத்துப் பற்களும் பழுதாகின. வகுப்பில் சிரிப்பு வந்தால் சேலைத் தலைப்பு வாய்க்குப் போகும். பிள்ளைகள் என்னைச் சிரிக்கத் தெரியாத ரீச்சர் என்று நம்பினார்கள். ஒழுங்கு காக்க அது வசதியாகவும் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகுதான் முழுவதையும் திருத்தத் துணிந்தேன். முதலில் முரசைச் சுத்தம் செய்து, பழுதான பற்களுக்கு வேர்ச் சிகிச்சை செய்து உறை போடுவது. கடைசியாக, வெறுமையான இடத்தில் டைற்றேனிய ஆணி இறக்கி அதன்மேல் பல். சுவீடன்காரர் பிரனெமார்க் 1952இல் முயலின் எலும்புக்குள் ஆய்வுக்காக வைத்த டைற்றேனியத்தைக் கழற்றப் போனார். எலும்பு அதை விடவில்லை. 1965இல் முதல் மனிதத் தாடைக்கு அது வந்தது. எனக்கோ ஆணியைப் பிடிக்கப் போதிய எலும்பு இல்லை. எலும்புத் தூள் வைத்து வளர்க்கலாம் என்றார் பல் வைத்தியர். பேராதனையில் படித்து வந்த இளம்பெண். தூள் எதிலிருந்து என்று கேட்டேன். மாட்டெலும்பு, கடும் வெப்பத்தில் ஊனெல்லாம் நீக்கி எஞ்சிய தாது.

ஒன்றுவிட்ட தங்கைக்குக் கேள்வியே வேறு. “வீடு போ போ, காடு வா வா எண்டுற வயசில பல்லு என்னத்துக்கு அக்கா?” உடம்பில் பற்று என்பது அவள் குற்றச்சாட்டு. சேலைத் தலைப்பால் வாயை மூடித் திரிந்த காலத்தில்தான் நான் உடம்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாயை மறக்க வேண்டுமென்றால் அதைத் திருத்தத்தான் வேண்டும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மாட்டெலும்புக் கேள்வி அப்படி எளிதில் தீரவில்லை. வேறோர் உயிரின் எலும்பு என்னுடையதாகுமா? பல் யாருடையது என்பதற்காக ராச்சியங்களே முட்டியிருக்கின்றன. 1560இல் போர்த்துக்கேயப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா நல்லூரைப் பிடித்தபோது சங்கிலி மன்னன் ஒதுங்கியது எங்கள் கோப்பாய்க் கோட்டைக்கு. அந்தப் படையெடுப்பில் பொன் கட்டிய ஒரு பல் அகப்பட்டது. புத்தரின் பல் என்றார்கள். பெகு அரசன் பெரும்பணம் தர முன்வந்தும் கொடுக்காமல், கோவாவில் அதை இடித்து எரித்தார்கள். குரங்குப் பல் என்று எழுதிய ஐரோப்பியரும் உண்டு. உண்மைப் பல் தங்களிடமே இருக்கிறது என்பது கண்டியின் நம்பிக்கை.

மெய்கண்டார் வழியில் போனால் இந்த ‘யாருடையது’ என்ற கேள்வியே தளர்ந்துவிடுகிறது. என் உடம்பு என்று சொல்பவள் உடம்புக்கு வேறானவள். பிறவியில் வந்த பல்லும் எனக்குத் தரப்பட்ட கருவிதான். கந்தபுராணத்துத் தக்க காண்டம் இன்னும் தூரம் போகிறது. தன் வேள்வியில் தலை இழந்த தக்கனின் உடலில் ஆட்டுத்தலை பொருத்தப்பட்டது. அந்தத் தலையோடு அவன் சிவனை வணங்கினான், வணக்கம் ஏற்கப்பட்டது. (அதே வேள்வியில் பல் உதிர்க்கப்பட்ட சூரியனிடம் எனக்குத் தனிப் பரிவு. புராண படனத்தில் அந்த இடம் வரும்போது நான் மட்டும் சிரிப்பதில்லை.) ஆகவே விலங்கின் எலும்பு என்பதால் என் சைவம் கெடாது.

தடை வேறிடத்தில் இருந்தது. நெற்றியில் பூசும் திருநீறும் பசுவிடமிருந்து வந்து தீயில் வெந்ததுதான். ஆனால் சாணத்தைப் பசு உயிரோடு நின்று தருகிறது. எலும்பை அப்படித் தராது. தீ ஊனை நீக்கும், கொலையை நீக்குமா?

“இதுக்காக ஆரும் மாடு வெட்டிறேல்லை, ரீச்சர். கோயில் தவிலும் தோல்தானே?” என்றார் வைத்தியர். நல்ல கேள்வி, நான் படிப்பித்த பிள்ளை என்றால் பெருமைப்பட்டிருப்பேன். தவிலுக்கு என்னால் வேறு தோல் தர முடியாது. தாடைக்கு வேறு எலும்பு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்: உங்கள் நாடியிலிருந்தே வெட்டி எடுக்கலாம், ஆனால் இன்னொரு காயம், இன்னொரு வீக்கம். கண்ணப்பர் ஊனுக்கு ஊன் என்று தன் கண்ணைத்தான் தோண்டினார், ஒரு மானின் கண்ணை அல்ல. எனக்கு அவ்வளவு அன்பெல்லாம் இல்லை. வலி தாங்கும் பழக்கம் உண்டு. வேறு வழியே இல்லையென்றால் மாட்டெலும்பையும் ஏற்றிருப்பேன், தக்கனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. வழி இருக்கும்போது அதன் விலையை நான்தான் கொடுக்க வேண்டும்.

நாடியிலிருந்து எடுத்தார்கள். பிறகு தந்த மருந்து கூட்டுக்குளிசை. அந்தக் கூடு பெரும்பாலும் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலற்றின் என்று மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னார். வைத்தியரைக் கேட்டு, கூட்டைத் திறந்து தூளைத் தேனில் குழைத்துக் குடித்தேன். பொல்லாத கசப்பு.