தோற்றவனுக்கு அதிர்ஷ்டம் கடன்பட்டுள்ளதா?

1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், மாண்டி கார்லோ சூதாட்ட மாளிகையில், ரூலெட் சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. "இனிச் சிவப்பு வந்தே தீரும்" என்று பந்தயத்தை மேன்மேலும் பெருக்கியோர் பெரும்பொருள் இழந்தனர். சக்கரத்திற்கு நினைவு ஏது? காரணமின்றிக் காரியமில்லை என்பதன்றோ நாம் ஏற்ற தம்மம்? முன்னைய தோல்வி அடுத்த சுழற்சிக்குக் காரணமாகாது.

பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்திலோ, கட்டிலிருந்து வெளிப்பட்ட சீட்டு மீண்டும் கலைக்கும்வரை திரும்பாது. ஆதலின் எஞ்சிய சீட்டுகளைக் கணக்கிட்டுப் பந்தயத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடுமென எட்வர்டு தார்ப் 1962இல் தம் நூலில் விளக்கினார். அங்கும் கணக்கிற்கு வருவது போன சீட்டே. நமது வெற்றி தோல்வியன்று.

"பலமுறை தோற்றேன், இனி வெல்வேன்" என்பது அறிவின் குரலன்று, வேட்கையின் குரல். வென்றவன் பகையை ஈட்டுகிறான், தோற்றவன் இழந்த பொருளை எண்ணி வருந்துகிறான் எனச் சிகாலோவாத சுத்தத்தில் பகவான் சூதின் தீங்குகளை எடுத்துரைத்தார்.

அன்பர்களே! நம் முன்னோர் பட்ட துன்பத்திற்கு ஈடாக இன்பம் தானே வருமென்று காத்திருப்பதும் இம்மயக்கமே. அதற்குரிய காரணங்களை நல்வினையால் இன்றே நாட்டுவோமாக!