பிராயச்சித்தத்துக்குக் கெடு உண்டா?

தான் இழைத்த தீங்குக்குப் பரிகாரமாகப் பொருள் கொடுக்கிறவன், அதைத் தானமென்று எண்ணலாமா, 'இவ்வளவு போதும்' என்று தானே நாள் குறிக்கலாமா என்ற தர்ம விசாரத்தை, கனடா தேசத்துப் பூர்வகுடி மக்களின் மனநலத்துக்கென்று அந்நாட்டு அரசாங்கம் அளித்த மானியத்தின் சரித்திரம் நம் முன்னே வைக்கிறது.

அத்தேசத்தின் மேற்குக் கடற்கரையில் வாழும் குலத்தாரிடையே 'பாட்லாச்' என்றொரு வைபவம் உண்டு. குழந்தைக்குப் பெயரிடும்போதும், விவாகத்தின்போதும், இறந்த மூத்தவரின் பட்டம் வாரிசை அடையும்போதும், தலைவன் ஊரைக் கூட்டி விருந்திட்டுத் தன் செல்வத்தை வாரி வழங்குவான். பெற்றுக்கொண்டவர்களே அந்நிகழ்ச்சிக்குச் சாட்சிகள். ஈந்து தீர்த்த அளவே அவனுடைய கௌரவம். ஈகையையே சமயமாகக் கொண்ட இந்த வழக்கத்தை 1884-இல் சட்டம் குற்றமாக்கிற்று. 1921-இல் ஒரு தீவில் ஓடங்களும் தையல் இயந்திரங்களும் மாவு மூட்டைகளும் கொடையாக வழங்கப்பட்ட ஒரு பாட்லாச்சுக்காக சுமார் இருபது பேர் சிறை புகுந்தனர். பரம்பரை முகமூடிகள் பறிமுதலாயின. 1951 வரையில் அந்தத் தடை நீங்கவில்லை. சிறுவர் சிறுமியர் ஏறக்குறைய 1,50,000 பேர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழியில் பேசினால் தண்டனை என்ற உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டதும் பூர்வகுடிப் பண்பாட்டை அழிக்க முயன்ற இந்தக் கொள்கையின் மற்றொரு கிளையே. பிற்காலத்தில் அம்மக்களிடையே பெருகிய குடியும் தற்கொலையும் இந்த வேரிலிருந்து முளைத்தவை.

1998-இல் அரசாங்கம் 35 கோடி டாலரை ஒதுக்க, பூர்வகுடியினரே நிர்வகிக்கும் 'அபாரிஜினல் ஹீலிங் ஃபவுண்டேஷன்' தோன்றியது. அந்நிதியின் உதவியால், மேல்நாட்டு முறை மனநல ஆலோசகரோடு குலத்து முதியவரும் அமர்ந்து துயர் கேட்டார். வில்லோக் கொம்புகளை வளைத்துக் கட்டிப் போர்த்திய சிறு குடிலின் இருளில், செந்தழலாய்க் காய்ந்த கற்களின்மேல் நீர் வார்த்து, எழும் ஆவியினூடே பிரார்த்திக்கும் பழைய முறைக்கும் இடம் கிடைத்தது. 2008-இல் பிரதம மந்திரி ஹார்ப்பர் உறைவிடப் பள்ளிகளுக்காகப் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இரண்டே வருஷத்தில், 2010-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அந்த மானியத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. 2014-இல் நிறுவனம் மூடப்பட்டது.

பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்று கேட்பது நியாயமே. பணம் களவு போகாதிருக்கக் கணக்கு அவசியம். ஆயினும், மூன்று தலைமுறைத் துக்கம் எத்தனை மாதத்தில் ஆறும் என்று விண்ணப்பத்தாளில் எழுதச் சொல்வதும், தவணை முடிந்தவுடன் கதவைச் சாத்துவதும் கணக்குக் கேட்பதாகா. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சாண்ட்லர், லலோண்ட் என்னும் அறிஞர்கள் செய்து 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சுயாட்சி, நில உரிமைக்கான முயற்சி, கல்வி, சுகாதாரம் முதலியவற்றைத் தம் கையிலேயே வைத்திருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை மிக அரிதாயிருந்ததைக் கண்டது. ஆகவே மானியம் யார் கையில் இருக்கிறது என்பது, அது எவ்வளவு என்பதைப் போலவே, நோய் தீர்வதோடு சம்பந்தமுள்ள விஷயமாகிறது.

பாபம் செய்தவன் தன் பிராயச்சித்தத்தின் அளவைத் தானே தீர்மானித்துக்கொள்வது எந்த நாட்டு நீதிக்கும் பொருந்தாது என்றே நான் கருதுகிறேன். 2015-இல், உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு விடுத்த 94 வேண்டுகோள்களில் 21-ஆவது, பூர்வகுடியினரைக் குணப்படுத்தும் நிலையங்களுக்கு நிலையான நிதி வேண்டும் என்பதே. அதை முழுமையாக நிறைவேற்றும் பொறுப்பு கனடா அரசாங்கத்துடையது. அந்தப் பொறுப்புக்குக் கெடு விதிக்கும் அதிகாரம் அந்த அரசாங்கத்துக்கு இல்லை.