தந்தையின் விரதம், மகனின் செப்பேடு

1970-இல் கேட் ஸ்டீவன்ஸ் பாடி வெளியிட்ட ‘ஃபாதர் அண்ட் சன்’ பாட்டில் தந்தை, மகன் இருவர் குரலும் அவருடையதே. இங்கேயே இரு என்கிறார் தந்தை. போயாக வேண்டும் என்கிறான் மகன். கேட்பவர் மனம் மகன் பக்கம்தான் சாய்கிறது. உண்மையைத் தேடுபவன் வீட்டைத் துறக்க வேண்டும் என்பது சித்தார்த்தரின் கதையிலேயே ஊறிய நமக்குப் புதிதும் அல்ல. ஆனால் அதிலிருந்து, தானே தேடிக் கண்டதுதான் பக்தி, தகப்பனிடமிருந்து வந்தது வெறும் பழக்கம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு என்பதற்குத் திருமலையிலேயே சாட்சி இருக்கிறது.

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் இளம் வயதில் வீட்டைவிட்டுத் திருமலை ஏறியவர். 1424 முதல் 1503-இல் மறையும் வரை வேங்கடவனைப் பாடினார். தாலாட்டு, உலக்கைப் பாட்டு, நலுங்குப் பாட்டு என்று எளிய மக்களின் பாட்டு வடிவங்களெல்லாம் அவர் கையில் சங்கீர்த்தனங்களாயின. நாளுக்கு ஒரு பாட்டாவது பாட வேண்டும் என்ற விரதத்தைத் தம் மகன் பெத்த திருமலாச்சாரியாரிடம் ஒப்படைத்தார் என்கிறது மரபு. போனவர் தந்தை, மகனோ போகவில்லை. தந்தையின் பாடல்களையும் தம் பாடல்களையும் செப்பேடுகளில் வெட்டுவித்தார். அப்படியானால் மகனுடையது இரவல் பக்தியா? பாடல்களின் முத்திரையைப் பாருங்கள். தந்தை பாட்டானாலும் மகன் பாட்டானாலும் அதில் வருவது வேங்கடேசன் பெயரே. செப்பேட்டின் தலைப்பு இல்லையென்றால் எது யாருடையது என்று பிரிப்பதே கடினம். மகன் தந்தையைப் பார்த்துப் பாடவில்லை. தந்தை யாரைப் பார்த்துப் பாடினாரோ அவனைப் பார்த்துப் பாடினார். பக்தி ஒருவனுக்குச் சொந்தமாவது அது வந்த வழியால் அல்ல, அது நோக்கும் திசையால்தான் என்பேன்.

கோயிலில் செல்வாக்கும் மானியமும் உள்ள குடும்பம், மகன் ஏன் போகப்போகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெத்த திருமலாச்சாரியார் வசதியாக வாழ்ந்தவர். கோயிலுக்குக் கொடைகள் தந்தவர். ஆனால் வசதி ஒருவனை ஊரில் இருத்தலாம். தினமும் ஒரு பாட்டு எழுத வைக்காது. வைராக்கியத்தைப் பற்றி வசனநடையில் ஒரு நூலும், கீதைக்குத் தெலுங்கு உரையும் எழுத வைக்காது. இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறு: பரம்பரை என்பது பலருக்குப் பூட்டிய கதவு. பிறப்பால் வாசல் மறுக்கப்பட்டவர்களுக்கு எந்தத் தந்தையும் எந்த விரதத்தையும் கோயிலுக்குள் கைமாற்றித் தர முடிந்ததில்லை. அதை மறுக்க என்னிடம் வாதமில்லை, மறுக்கவும் கூடாது. அது வாசலைப் பற்றிய குற்றச்சாட்டு. உள்ளே நின்று பாடியவரின் உள்ளத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. அதேபோல வீட்டைவிட்டுப் போனதால் மட்டும் தந்தையின் பக்தி உயர்ந்துவிடவும் இல்லை.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தச் செப்பேடுகள் கோயிலுக்குள் கல்லால் கட்டிய ஒரு சிறிய அறையில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்து அச்சேறின. இன்று மேடைகளில் நாம் கேட்கும் அன்னமாச்சாரியார் பாடல்களில் பெரும்பாலானவை, மகன் செம்பில் வெட்டுவித்து வைத்ததால் நமக்குக் கிடைத்தவை.