ஏரி நீரில் யாருக்குப் பங்கு?

சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ளது மூக்கனேரி. பராமரிப்பின்றிக் கிடந்த இந்த ஏரியை 2010ஆம் ஆண்டில் சேலம் மக்கள் குழுவினர் சீரமைக்க முன்வந்தனர். வெட்டிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரங்கள் நட்டனர். அம்மரங்களில் பறவைகள் அடையலாயின.

சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஏரிக் கரையில் சற்று நின்று பார்ப்போமாக. மடையான் கொக்கு சேற்றின் நிறத்தோடு கலந்து அசையாமல் நிற்கும். எழுந்து பறக்கும்போதுதான் அதன் வெண்சிறகு தெரியும். முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்தும். நீர்க்காகம் மூழ்கி மீன் பிடித்தபின் சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும்.

"மனிதனுக்கே தண்ணீர்ப் பஞ்சம் வரும் ஊரில் பறவைக்கு ஏரியில் என்ன பாத்தியதை?" என்று சிலர் கேட்கலாம். மார்க்கம் என்ன சொல்கிறது?

பயணி ஒருவரிடம் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. அதில் ஒளுச் செய்துவிட்டால் உடன் வரும் பிராணி தாகத்தால் தவிக்கும். அந்நிலையில் நீரைப் பிராணிக்கு வைத்துக்கொண்டு தயம்மும் செய்து தொழலாம் என்பது ஃபிக்ஹுச் சட்டம். வாயில்லா ஜீவனின் தாகத்துக்கு ஒளுவே வழிவிடுகிறது!

"அது வளர்ப்புப் பிராணி, ஏரிப் பறவைக்கு நாம் பொறுப்பாளிகளா?" எனலாம். பூனையைக் கட்டிவைத்து வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியதைக் கவனியுங்கள். அவள் தானும் உணவளிக்கவில்லை. பூமியில் உள்ளதைத் தேடித் தின்னவும் விடவில்லை. அப்படியானால், அவிழ்த்து விடப்பட்ட ஜீவனின் உணவு பூமியிலேயே இருக்கிறது. அதற்குரிய வழியை அடைப்பதே பாவம். ஏரியில் குப்பையும் சாக்கடையும் சேர்ப்பவர் பறவைக்கு இரை போடுவதுமில்லை. அது தானே தேடிக்கொள்ள விடுவதுமில்லை. அவர் நிலை என்ன?

மனிதனின் தாகம் முந்தியது, ஐயமில்லை. ஆனால் குப்பை கொட்டுவதில் எந்தத் தாகம் தணிகிறது?

பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் அறிவிக்கிறது. முகமறியாத பங்காளியின் பங்கைப் பறிப்பது எளிது. ஆகவே, நம் பிள்ளைகளை அஸருக்குப் பின் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று அங்குள்ள பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டுவோம். யாருடைய ஹக்கைப் பற்றி நாளை நாம் விசாரிக்கப்படுவோமோ, அவர்களை இன்றே அறிந்துகொள்வது நல்லதல்லவா?