இரு தரப்பும் நம்பும் ஒருவர்

திருச்சி தில்லை நகரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்கள், அங்கே இருக்கும் கணவரோடு சேர்ந்து வாழப் போகிறவர்கள் ஆகியோரின் விசா காகிதங்களைத் தயார் செய்கிறோம். அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் மனுவைக் கொடுப்பவர்கள் 'க்யோசெய் ஷோஷி' எனப்படும் உரிமம் பெற்ற மனு எழுத்தர்கள். அவர்களுக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் நடுவில் நான். எழுத்தில் ஜப்பானியமும் ஆங்கிலமும். பேச்சில் பெரும்பாலும் ஜப்பானியமும் தமிழும். திரையில் ஒருவர் கேட்கிறார், மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர் பதில் சொல்கிறார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. நான் ஒரு வரியை விட்டுவிட்டால், விடப்பட்டது என்று தெரிந்துகொள்ளக்கூட இருவருக்கும் வழி இல்லை. சரிபார்க்க ஆளில்லாத இடத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்வது? வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த வேலைக்கு நீண்ட பரம்பரை உண்டு. புதுச்சேரி ஆளுநர் தியூப்ளேயின் துபாஷி, அதாவது இருமொழி அறிந்த இடையாளர், ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் தன் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். ஆளுநரிடம் காரியம் ஆக வேண்டிய பலர் பிள்ளையைத்தான் நாடினார்கள். தியூப்ளேயின் மனைவிக்குத் தமிழ் தெரியும். அவருக்கும் பிள்ளைக்கும் ஆகவில்லை. சரிபார்க்கக்கூடிய இன்னொருவர் அதே வீட்டில் இருந்ததும் அந்தப் பகைக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நடுவில் நிற்பவரின் செல்வாக்கு முழுக்க மற்றவர்களின் அறியாமையிலிருந்து வருகிறது. பிள்ளை எழுதி வைத்ததால் அவரையாவது நாம் இன்று விசாரிக்க முடிகிறது. எழுதி வைக்காத எத்தனையோ துபாஷிகள் யாரிடம் என்ன சொன்னார்களோ!

அந்த அதிகாரம் பெரும்பாலும் இரக்கத்தின் உருவில்தான் வரும். நான் குடியிருக்கும் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் இருக்கும் ஒரு பெரியவரின் மகன் தோக்கியோவில், நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நிஷி-கசாய் பகுதியில் ஐடி வேலை பார்க்கிறார். மாமிக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு மகனோடு போய் இருந்துவிடலாம் என்று இருவரும் முடிவுக்கு வந்திருந்தார்கள். எழுத்தரின் பதில் சில வரிகளில் வந்தது. வேலை விசாவில் இருப்பவர் உடன் வைத்துக்கொள்ளக்கூடிய குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள். பெற்றோருக்கென்று தனிப் பிரிவு இல்லை. உயர்தகுதிப் பணியாளர் என்ற பிரிவில் இருந்தால், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோரை அழைக்கும் சலுகை உண்டு; மகன் அதில் வரவில்லை. 90 நாள் வரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

'இப்போதைக்கு இல்லை' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அந்த 'இப்போதைக்கு' என்பதை நம்பி அவர்கள் வீட்டைக் கைமாற்றியிருப்பார்கள்.

"மாமா, அங்கேயே போய் இருக்கறதுக்கு வழி இல்லைன்னு எழுதியிருக்கா. மூணு மாசம் இருந்துட்டு வரலாம்" என்றேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா அந்தப் பதிலை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, வரி வரியாகப் படித்தார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அது அவர்களுடைய துக்கம். பாதியை நான் ஒளித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

பெற்றோரை வந்து குடியிருக்க விடாத அதே நாடு, தன் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள நம் பிள்ளைகளை அழைக்கிறது. அங்கே பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' விசாவின் முதல் நிலையில் மொத்தம் ஐந்து ஆண்டு இருக்கலாம். குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் போட்ட திட்டப்படி, ஐந்து ஆண்டில் திறன் பெற்ற இந்தியர்கள் 50,000 பேர் ஜப்பானுக்குப் போக வேண்டும். உத்தர வீதியை நினைத்துக்கொண்டேதான் அந்தக் கோப்புகளைத் திறக்கிறேன்.

இந்த விசாவுக்கு மனுப் போடும் முன், போகிறவருக்கு நன்றாகப் புரியும் மொழியில் சம்பளம், வேலை, தங்குமிடம் எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும் என்பது ஜப்பானிய விதி. கேட்டுப் புரிந்துகொண்டதாக அவர் கையெழுத்திடுகிறார். நல்ல விதி. லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு. தொடங்கும் முன் எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னேன்: "நீங்க இங்க பேசுற எல்லாத்தையும் நான் அந்தப் பக்கம் சொல்லிடுவேன். சொல்ல வேண்டாம்னு நினைக்கிறத என்கிட்டயும் சொல்லாதீங்க."

யாருக்காவது காப்புத்தொகை கட்டினீர்களா, நடுவில் விலகினால் அபராதம் என்று எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்ற கேள்வி வந்தது. அம்மா தாழ்ந்த குரலில், "ஒரு ஏஜெண்ட்டுக்குக் குடுத்திருக்கோம்மா. பத்திரத்துல கையெழுத்தும் வாங்கியிருக்காரு. அத விட்டுருங்க, காரியம் கெட்டுரும்" என்றார்.

நான் அப்படியே சொன்னேன், "விட்டுருங்க" என்றதையும் சேர்த்து. நம் நாட்டுச் சட்டத்திலும் உரிமம் பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இவர் உரிமம் உள்ளவரா என்பதே தெரியவில்லை. ஜப்பான் தரப்பு கோப்பை நிறுத்தி வைத்து, பத்திரத்தின் நகலைக் கேட்டது. அம்மா என்னிடம் விடைபெறாமலே போனார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பணம் நகையை வைத்து வாங்கியது. ஆனால் அன்று நான் மறைத்திருந்தால், ஐந்து ஆண்டு அந்தப் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டு, ராப்பகலாக உழைக்கப் போவது அந்தப் பெண்தான்.

ஏஜெண்ட் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு இரண்டாம் முறை உட்கார்ந்தோம். இடைப்பட்ட மாதங்களில் அவள் ஜப்பானிய மொழி வகுப்பை விடவில்லை. திரையில் இருந்தவர் வேலை நேரத்தைச் சொல்லி முடித்தார். நான் தமிழில் தொடங்குமுன் அவளே முன்னால் நகர்ந்து, "யாகின் வா த்ஸுகி நி நான்காய் தெசு கா?" என்றாள். இரவுப் பணி மாதத்துக்கு எத்தனை முறை என்று கேட்கிறாள். நான்கு அல்லது ஐந்து என்று பதில் வந்தது. மறுநாள் விடுமுறை உண்டா என்று அதையும் ஜப்பானியத்திலேயே கேட்டாள். உண்டு என்றார்கள். அம்மாவுக்குத் தமிழில் அவளே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.